கோமதி யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவாள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரியும். நீங்கள் முதல் நாவல் எழுதுகிறீர்கள். திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் பீடி சுற்றுகிற கோமதி, 45 வயது, அவள்தான் கதையின் மையம். அவளைப் பற்றி ஐந்து பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறீர்கள்: பிடித்த நிறம், பிடித்த சாமி, பயம், கனவு, பலம், பலவீனம். மூன்று அத்தியாயம் முடித்து இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு பேருமே "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆள் கண்ணுல தெரியலையே" என்று சொல்லிவிட்டார்கள். ஆழமான, நம்பும்படியான பாத்திரத்தை எப்படி உருவாக்குவது என்று கேட்கிறீர்கள்.

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து 18 வருஷமாக மற்றவர்களுடைய கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன், நானும் இரண்டு நாவல் எழுதியிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய குறிப்பையும் அத்தியாயங்களையும் முழுக்கப் படித்தேன். குறிப்பில் ஒரு பொய்யும் இல்லை, உழைப்பு நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஐந்து பக்கத்திலும் கோமதி தனியாக நிற்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு பெண் ஐந்து நிமிஷம் தனியாக நின்றுவிட முடியுமா? என் அனுபவத்தில், ஒரு பாத்திரத்தின் ஆழம் அவள் மற்றவர்களோடு வைத்திருக்கிற கணக்கில் இருக்கிறது. யாருக்கு என்ன கடன் பட்டிருக்கிறாள், யாரிடம் எதை மறைக்கிறாள், யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள், யார் முன்னால் குரலை இறக்குகிறாள். இதை எழுதிவிட்டால் பிடித்த நிறம் தானாக வரும், வராவிட்டாலும் ஒன்றும் குறையாது.

முதலில் கையிலிருந்து தொடங்குங்கள். பீடி சுற்றுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் இருக்கிறது. சுற்றுகிற கையை ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தீர்களா? இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறது, தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டுகிறது, மடியில் தட்டை வைத்துத் தூளை அளவாகப் போட்டு உருட்டி நூல் சுற்றுகிறது, முனையை மடக்கி அடைக்கிறது, இதெல்லாம் வரிசையாக நடக்கும்போது அவள் கண் தட்டில் இருக்காது. கைக்கு வேலை தெரியும், கண் சும்மா இருக்கும். அந்தக் கண் தெருவைப் பார்க்கும், டிவியைப் பார்க்கும், எதிர்வீட்டு வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்க்கும். பத்து வயதிலிருந்து தெருவை இப்படிப் பார்த்துக்கொண்டே வேலை செய்த ஒரு பெண்ணுக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் முதல் அத்தியாயத்தில் கோமதி தன் தெருவைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கிறாள், எல்லாச் செய்தியும் யாரோ வந்து சொல்லித்தான் தெரிகிறது. நான் முதலில் அங்கேதான் நம்பிக்கை இழந்தேன்.

அந்த வேலைக்குள்ளேயே இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதற்கு இலையை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். இலை பழுதாக இருந்தால், ஓட்டை விழுந்திருந்தால், கொடுத்த இலையில் எண்ணிக்கை வராது. குறைந்ததை ஈடுகட்ட அவள் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில் பார்த்து வாங்குகிறவர் கட்டைப் பிரித்துச் சரியில்லாததைக் கழிப்பார். ஆக அவள் தினமும் தன் வேலையை இன்னொருவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் விரல் எந்தக் கட்டில் நிற்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு நாவலுக்குத் தேவையான பயம், கோபம், மரியாதை, தந்திரம் எல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது. உங்கள் குறிப்பில் 'பலவீனம்: சீக்கிரம் கோபம் வரும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மேசை முன்னால் வருமா? வராது. அங்கே விழுங்கிவிட்டு எங்கே போய்க் கொட்டுவாள்? தண்ணீர்க் குழாயடியிலா, மகள் மேலா, புருஷன் வைத்துவிட்டுப் போன சோற்றுத் தட்டு மேலா? அதைக் கண்டுபிடித்து எழுதினீர்கள் என்றால் கோபக்காரி என்ற சொல்லே கதையில் வேண்டியதில்லை.

வயதுக் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கதை 2023-ல் நடக்கிறது, அவளுக்கு 45. அப்படியானால் 1978-ல் பிறந்தவள். 1992 நவம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோது அவளுக்கு 14 வயது. ஆற்றங்கரை ஊர்ப் பெண். நம் பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் யாரிடம் பேசினாலும் 'அந்த வெள்ளத்துக்கு முந்தி', 'வெள்ளத்துக்குப் பிந்தி' என்றுதான் காலம் சொல்வார்கள். உங்கள் மூன்று அத்தியாயத்தில் அந்த வெள்ளம் ஒரு வரி கூட இல்லை. கதை முடிகிற மாதமோ 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவானது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது, எல்லாருக்கும் நினைவிருக்கும். 14 வயதில் ஒரு வெள்ளம் பார்த்தவள் 45 வயதில் இன்னொன்றைப் பார்க்கிறாள். முதல் வெள்ளத்தில் அவள் வீட்டில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எதை விட்டுவிட்டு ஓடினார்கள்? இரண்டாவது தடவை அவள் கை முதலில் எதை எடுக்கும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள், ஐந்து பக்கக் குறிப்பை விட அதிகம் கிடைக்கும். வருஷக் கணக்கு வைத்துக்கொள்வதில் இன்னொரு லாபமும் உண்டு. 2005-ல் நடக்கிறதாக நீங்கள் எழுதிய காட்சியில் ஒருவர் 'தென்காசி கலெக்டர் ஆபீஸுக்கு' மனு எடுத்துப் போகிறார். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019-ல். உள்ளூர் வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்.

சரி, இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். ஒரு தாளை எடுத்து, கோமதி யார் யாரை எப்படிக் கூப்பிடுவாள் என்று எழுதுங்கள். மாமியார் பேச்சியம்மாள், 'அத்தை'. அண்ணன் பொண்டாட்டி 'மைனி'. மளிகைக்கடைக்காரர் 'அண்ணாச்சி'. பீடி பார்த்து வாங்குகிறவரும் 'அண்ணாச்சி'தான், ஆனால் அந்த அண்ணாச்சியும் இந்த அண்ணாச்சியும் ஒரே சத்தத்தில் வராது. கூடச் சுற்றுகிற தோழியை 'ஏளா'. மகளைச் சந்தோஷமாக இருந்தால் 'ஏட்டி', கோபம் என்றால் முழுப்பெயர். புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள், அவிய வந்தாவ, அவிய சொன்னாவ என்றுதான் பேச்சு. இதை எழுதி முடித்துவிட்டுப் பாருங்கள், கோமதி ஒரு ஆள் இல்லை, ஏழெட்டுப் பேர். அத்தை முன்னால் இருக்கிறவள் தோழி முன்னால் இருக்கிறவள் இல்லை. உங்கள் கதையில் அவள் எல்லாரிடமும் ஒரே குரலில் பேசுகிறாள், அதுவும் டிவி சீரியல் குரலில். ஆள் கண்ணில் தெரியாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பெயரிலேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள். கோமதியின் மகனுக்கு அவன் தாத்தா பெயரை வைத்திருக்கிறீர்கள், ஆறுமுகம். நம் பக்கத்து வழக்கம்தான், சரியாகவே செய்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டாவது அத்தியாயத்தில் பேச்சியம்மாள் "ஏ ஆறுமுகம், இங்க வால" என்று பேரனைக் கூப்பிடுகிறாள். அந்த வயதுப் பெண் புருஷன் பெயரை வாயால் சொல்வாளா? பேரனுக்கு அதே பெயர் என்பதாலேயே அவனை 'ராசா' என்றோ 'அய்யா' என்றோ வேறு ஏதோ சொல்லித்தான் கூப்பிடுவாள். இதைப் பிழை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், இதில் ஒரு காட்சி இருக்கிறது. கிழவர் செத்து இத்தனை வருஷம் கழித்து, பையன் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்கில் சொல்லப் பெயர் கேட்கிறார்கள். கூட வந்தது பாட்டி மட்டும்தான். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வருமா? வந்தால் எப்படி வரும்? அம்பது வருஷத் தாம்பத்தியம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்து நிற்கும்.

வட்டார வழக்கைப் பற்றி இந்த இடத்திலேயே ஒரு வார்த்தை. நெல்லைத் தமிழ் என்று ஒன்றே ஒன்று இருப்பதுபோல நினைத்து எல்லார் வாயிலும் 'ஏலே, வாலே' போட்டுவிடாதீர்கள். மேலப்பாளையத்து வீட்டில் 'வாப்பா', 'உம்மா' என்று வரும், காயல்பட்டினத்தில் அண்ணனை 'காக்கா' என்பார்கள், கோவில்பட்டிக் கரிசல்காட்டுப் பேச்சு வேறு, கடற்கரைப் பேச்சு வேறு. பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிற கோமதியின் மகள் பஸ்ஸில் ஒரு தமிழும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினதும் இன்னொரு தமிழும் பேசுவாள். அந்த மாற்றத்தை எந்த இடத்தில் செய்கிறாள் என்று கவனித்து எழுதினாலே அந்தப் பெண் எழுந்து நடப்பாள்.

அழுகைக்கு வருகிறேன். எண்ணிப் பார்த்தேன், மூன்று அத்தியாயத்தில் கோமதி 11 தடவை அழுகிறாள். அழட்டும், அவளுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் 11 தடவையும் ஒரே அழுகை. இங்கே தொல்காப்பியம் உங்களுக்கு நேரடியாக உதவும், பரீட்சைக்குப் படித்த புத்தகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில் தொல்காப்பியர் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி ஒவ்வொன்றும் பிறக்கிற நான்கு இடத்தையும் சொல்கிறார். அழுகைக்குச் சொன்ன நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் தன்னை இளக்காரமாக நடத்தியதால் வருவது. இழவு, உறவையோ பொருளையோ இழந்தது. அசைவு, முன்பு நன்றாக இருந்த நிலை கெட்டுப்போனது. வறுமை சொல்லவே வேண்டாம். இந்த நான்கும் நான்கு விதமான அழுகை. இழவில் அழுகிறவள் சத்தமாக அழலாம், அவளைச் சுற்றி நாலு பேர் கூடி உட்காருவார்கள், ஊர் அனுமதித்த அழுகை அது. இளிவில் வருகிற அழுகைக்கு அந்த இடமே கிடையாது. அதை அழுதால் அவமானம் இரண்டு மடங்காகும், அதனால் கொல்லைப்புறத்தில், அடுப்புப் புகையைச் சாக்கு வைத்து, முகம் கழுவுகிற நேரத்தில்தான் அழ முடியும். உங்கள் 11 இடத்திலும் ஓரத்தில் இது நான்கில் எது என்று எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன், ஏழு இடத்தில் எதுவுமே பொருந்தவில்லை. அந்த ஏழையும் எடுத்துவிடலாம்.

கோபத்துக்கும் அதே மாதிரி நான்கு சொல்கிறார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பைச் சிதைப்பது, குடியை நலிவது, வைவதும் அடிப்பதும், கொல்லுவது. இதில் குடிகோளைப் பாருங்கள். தனக்கு நேர்ந்ததைத் தாங்கிக்கொள்கிறவள் தன் பிள்ளைக்கு, தன் குடும்பத்துக்கு ஒன்று நேர்ந்தால் பொங்குகிறாள். கோமதி அப்படிப்பட்டவள் என்றுதான் உங்கள் குறிப்பைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. அப்படியானால் கதையில் அவள் முதல்முதலாகக் குரல் உயர்த்துகிற இடம் அவளுடைய பீடியைக் கழித்ததற்காக இருக்கக் கூடாது, கூட வந்த மகளைப் பார்த்து அந்த ஆள் ஏதோ சொன்னதற்காக இருக்க வேண்டும். அன்றைக்கு 'அண்ணாச்சி' என்ற சொல் அவள் வாயில் வராது. அதற்குப் பதில் என்ன வருகிறது என்பதை நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும்.

இப்போது ஒரு பயிற்சி. நான் எல்லாருக்கும் கொடுப்பது, நாவலில் வர வேண்டிய காட்சி இல்லை, உங்களுக்காக மட்டும் எழுதிப் பார்க்கிறது. ஊரில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி பிரிக்க வருகிறார்கள். தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டும் மஞ்சப்பையுமாக மூன்று பேர் வாசலில் நிற்கிறார்கள். உங்கள் பாத்திரங்கள் ஒவ்வொருவரையும் கதவைத் திறக்க வையுங்கள். பேச்சியம்மாள் திறந்தால், பணம் இருக்கோ இல்லையோ முதலில் தண்ணீர் கொடுப்பாள், 'உள்ள வாங்க' என்பாள், சாமி காரியத்துக்குக் கடன் சொல்லக் கூடாது என்று மருமகளைப் பார்ப்பாள், ஏனென்றால் கொடுக்க வேண்டியது மருமகள். புருஷன் சுடலைமுத்து திறந்தால், போன வருஷக் கணக்கை ஏன் வாசிக்கவில்லை என்று ஒரு வாக்குவாதம் கிளப்புவான், அந்தச் சத்தத்தில் பணம் கொடுக்காததை யாரும் கவனிக்காமல் போக வேண்டும் என்பது அவன் எண்ணம். மகள் திறந்தால் 'அம்மா இல்ல' என்பாள், அம்மா உள்ளே தட்டோடு உட்கார்ந்திருப்பது வந்தவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். கோமதி திறந்தால்? ஐநூறு இப்போ வாங்கிக்கோங்க, மிச்சம் கொடை ஆரம்பிக்கிற குடியழைப்புக்கு முந்தின நாள் தாரேன் என்பாள், சொன்ன நாளில் கொடுத்தும் விடுவாள், அதற்காக எதை நிறுத்தினாள் என்பது யாருக்கும் தெரியாது. பாருங்கள், ஒரே 2,000 ரூபாய், நான்கு பேரும் தனித்தனியாக வந்துவிட்டார்கள். ஒருவர் குணத்தையும் நான் வார்த்தையால் சொல்லவில்லை. சாமம் வரைக்கும் அந்தக் கொடை நடக்கும், அதில் இந்த நான்கு பேரும் எங்கெங்கே நிற்பார்கள், சாமியாடி திருநீறு கொடுக்கும்போது யார் முன்னால் போவார்கள், யார் பின்னால் ஒதுங்குவார்கள் என்றும் தொடர்ந்து எழுதலாம், எனக்கு இதில் சலிப்பு வந்ததே இல்லை.

தட்டையான பாத்திரம், உருண்டையான பாத்திரம் என்ற பிரிவையும் கேட்டிருந்தீர்கள். 1927-ல் ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில் சொன்னது அது. ஒரு பாத்திரம் நம்மை ஆச்சரியப்படுத்தவும் வேண்டும், அந்த ஆச்சரியம் நம்பும்படியாகவும் இருக்க வேண்டும், அதுதான் உருண்டை என்பது அவர் கணக்கு. எல்லாரும் உருண்டையாக இருக்க வேண்டியதில்லை, பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் பீடி பார்த்து வாங்குகிற அந்த ஆளை நீங்கள் தட்டையாக விட்டது தவறு. மூன்று அத்தியாயத்திலும் அவர் மீசையை முறுக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவருக்கு மேலேயும் ஒரு மேசை இருக்கிறது, அங்கே இவர் அனுப்பிய கட்டுகளை இன்னொருவர் பிரிக்கிறார் என்று யோசித்தீர்களா? அவர் அம்மாவும் பீடி சுற்றியவளாக இருந்திருக்கலாம், அந்த ஊரில் அது சாதாரணம். அம்மா கையைப் பார்த்து வளர்ந்தவனுக்குத்தான் எந்தக் கட்டில் தூள் குறைகிறது என்று தொட்டவுடன் தெரியும். ஒரு தடவையாவது அவர் கழித்தது நியாயமாக இருக்கட்டும், அன்றைக்கு கோமதி உண்மையிலேயே கவனமில்லாமல் சுற்றியிருக்கட்டும், அது அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். அப்போது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கிறது நல்லவள் கெட்டவன் சண்டையாக இருக்காது, வாசகரும் பக்கம் சாய முடியாமல் கவனித்துப் படிப்பார்.

ஒரு ஆள் யார் என்பதை எது முடிவு செய்கிறது என்று கேட்டால் நான் சொரிமுத்தையனார் கோயிலுக்குக் கூட்டிப் போவேன். காரையாறு, பாபநாசத்துக்கு மேலே. ஆடி அமாவாசைக்குப் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பு கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டவராயனாகச் சாமியான முத்துப்பட்டன் கதை அது, வில்லுப்பாட்டில் காலங்காலமாகப் பாடுகிறது. பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன், செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்படுகிறான். பெண் கேட்கப் போகிறான். வாலப்பகடை நிபந்தனை போடுகிறார்: பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டு வா, தோல் வேலை செய், செருப்புத் தைத்துக் காட்டு. அவன் செய்கிறான். கடைசியில் மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். இதில் முத்துப்பட்டன் எப்படி இருப்பான், என்ன குணம், காதலைப் பற்றி என்ன நினைத்தான் என்று எத்தனை பக்கம் எழுதினாலும், அந்தக் குடுமியை அறுத்த ஒரு செயலுக்கு முன்னால் நிற்காது. திரும்பப் போட முடியாத ஒன்றை அவன் விலையாகக் கொடுத்தான். வாலப்பகடையையும் பாருங்கள், வாயால் சொல்கிற காதலை அந்த மனுஷன் நம்பவில்லை, கையால் செய்துகாட்டச் சொன்னார், அவர் சாதி பட்ட அனுபவம் முழுவதும் அந்த நிபந்தனையில் இருக்கிறது. உங்கள் நாவலில் கோமதி இதுவரை எதையும் விலை கொடுக்கவில்லை. அவளுக்கு எல்லாம் நடக்கிறது, அவள் ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஏழைப் பெண்ணுக்கு என்ன தேர்வு இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். கொடை வரியில் அந்த 500 ரூபாயை முதலில் கொடுத்ததும் தேர்வுதான். அளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, திரும்ப எடுக்க முடியாததாக இருக்க வேண்டும்.

என் முதல் நாவலில் என் அத்தையை எழுதினேன். என்னை வளர்த்தவள், நான் எழுத ஆரம்பித்தபோது அவள் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளை நல்லவளாகவே எழுதினேன், ஒரு குறை கூட வைக்க மனசு வரவில்லை. படித்த யாரும் அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை, அது எனக்கு ரொம்ப வலித்தது. ரொம்ப நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரக் கிழவி ஒருத்தி சொன்னாள்: உங்க அத்தையும் அவ தங்கச்சியும் ஒரு வெண்கலப் பானைக்காக 19 வருஷம் பேசலையே, உனக்குத் தெரியாதா? அந்தப் பானை எனக்குத் தெரியும். பரண் மேல் கவிழ்த்து வைத்திருப்பாள், ஒரு நாளும் அதில் பொங்கினதில்லை. பொங்கலன்றைக்குக் கூடப் பக்கத்து வீட்டில் பானை இரவல் வாங்குவாள், ஏன் என்று நான் கேட்டதே இல்லை. 19 வருஷம் ஒருத்தியிடம் பேசாமல் இருக்கிற பிடிவாதமும், ஜெயித்துக் கொண்டுவந்த பானையைத் தொட முடியாத மனசும், எனக்குத் தலைவாரி விட்ட அந்தக் கையும் ஒரே ஆள். அதைத் தெரிந்த பிறகு அவள் மேல் இருந்த பிரியம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. அந்த நாவலை இன்று எழுதினால் முதல் பக்கத்திலேயே பானை இருக்கும். நீங்கள் யாரையாவது மனதில் வைத்துக் கோமதியை எழுதுகிறீர்கள் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது, காப்பாற்றிக் காப்பாற்றி எழுதுகிறீர்கள். பிரியமான ஆளைக் குறையோடு எழுதுவது துரோகம் இல்லை, தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

அதே சமயம் உயிரோடு இருக்கிற ஒருவரை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். ஒருத்தியின் கை, இன்னொருத்தியின் பேச்சு, மூன்றாவது ஒருத்தியின் கடன், இப்படிச் சேருங்கள். ஊரில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தன் வீட்டுச் சங்கதி அச்சில் வந்தால் அந்தப் பெண் அடுத்த நாள் குழாயடிக்கு எப்படிப் போவாள் என்பதையும் எழுதுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது என்று ஒன்றே ஒன்று கேட்டால் இதைச் சொல்வேன். அந்த மேசையில் கோமதியின் இரண்டு கட்டைக் கழித்துவிட்டார்கள். அவள் "சரி அண்ணாச்சி" என்றுவிட்டு வீட்டுக்கு வருகிறாள். திண்ணையில் பேச்சியம்மாள். தன் காலத்தில் அந்தத் தெருவிலேயே வேகமாகச் சுற்றியவள், ஒரு கட்டு கழிவு வாங்காதவள் என்று பெயர் எடுத்தவள், இப்போது விரல் மடங்காது. "எவ்வளவு கழிச்சான்?" என்று கேட்கிறாள். கோமதி "ஒண்ணும் கழிக்கலத்தை" என்கிறாள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, கைக்காசில் வாங்கின இலையை வைத்து அந்த இரண்டு கட்டைச் சுற்றுகிறாள். கத்தரிச் சத்தம் கேட்காமல் இருக்கச் சேலைத் தலைப்பை மேலே போட்டு வெட்டுகிறாள். மகள் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். பேச்சியம்மாளும் தூங்கவில்லை, அவளுக்குக் கத்தரிச் சத்தம் தெரியாதா?

இந்த மூன்று பேரில் யாரும் வாய் திறக்கக் கூடாது. யாருடைய மனசுக்குள்ளும் போய் நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. இரண்டு பக்கம், அதிகம் வேண்டாம். எழுதிவிட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். அப்புறம் விடிந்ததும் பேச்சியம்மாள் கோமதியை முதலில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதிலிருந்து முதல் அத்தியாயத்தைத் திரும்ப ஆரம்பியுங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.